அந்தப் பையனுக்குக் குரல் கொடுத்தவளுக்கு

போன பௌர்ணமி அன்று காலையில் நான்கைந்து பையன்கள் லாட்ஜுக்கு வந்தார்கள். கிரிவலத்துக்கு வந்தவர்கள், சென்னைப் பக்கம். நான் இன்னும் அதே வரவேற்பு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். "ஒரே ஒரு ரூம்தான் இருக்குப்பா, அதுவும் மூணாவது மாடி" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுகிற சின்னப் பையன் மாதிரி இழுத்துச் சொன்னார்கள். "அப்பா, எனக்கு இன்னும் ஒரே ஒரு லைஃப்தாம்பா இருக்கு. சீக்கிரம் வாப்பா."

நான் புரியாமல் விழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான் ஒருவன். "தெரியாதாக்கா? எல்லார் போன்லயும் இதான் ஓடுது" என்று தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். அதிலிருந்து நீ பேசினாய்.

சாவியை எடுத்துக் கொடுத்தேன். ஆதார் அட்டைகளை வாங்கி நகல் எடுத்தேன். லிப்ட் வேலை செய்யவில்லை, படியில் போங்கள் என்றேன். அவர்கள் மாடி ஏறிப் போகிற வரைக்கும் அந்தப் போன் உன்னைத் திரும்பத் திரும்பப் பேச வைத்துக்கொண்டே போனது.

அந்த வசனத்தை நீ பேசிய அன்று நானும் உன்னோடு வந்திருந்தேன். நினைவிருக்கிறதா உனக்கு? கோடம்பாக்கத்து ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தோம். நான் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நீ கூட்டத்தோடு கூட்டமாக நின்று கத்துகிற டப்பிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். கல்யாண வீட்டில் சலசலப்பு, சந்தையில் கூச்சல், யாரோ செத்துப்போனால் ஒப்பாரி. அப்படி இருந்தவளுக்கு ஒரு படம் முழுக்கப் பேசுகிற வாய்ப்பு வந்தது. அதுவும் பத்து வயதுப் பையனுக்கு. நடித்த பையனுக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்று சொன்னார்கள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீ பையனாகப் பேசிப் பேசிப் பார்ப்பாய். வெளியே வாளியோடு வரிசையில் நிற்கிற பெண்கள் என்னை முறைப்பார்கள். "தொண்டையிலேர்ந்து பேசினா பொம்பளனு தெரிஞ்சிடும்டி. மூக்குக்கு மேல ஒரு எடம் இருக்கு, அங்கேர்ந்து பேசணும்" என்பாய். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தும்மல்தான் வந்தது.

கதை எளிமையானது. எப்போதும் வேலை வேலை என்று இருக்கிற அப்பா, மகன் வாயை அடைக்க ஒரு வீடியோ கேம் வாங்கிக் கொடுக்கிறார். ஒரு நாள் மகன் டிவி பெட்டிக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறான். அப்பா உள்ளே போய் அவனை மீட்க வேண்டும். விளையாட்டில் பையனுக்கு மூன்று உயிர்; இரண்டு போய்விட்டது. கடைசி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு குகை வாசலில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிடுகிறான். அந்த இடத்துக்காக நீ செருப்பைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் நின்றாய். இருட்டில் உன் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. முதல் தடவையிலேயே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கையைத் தூக்கி, போதும் என்று காட்டினார். நீதான் விடவில்லை. "சார், இன்னொரு தடவ போலாமா? மூக்கு உறிஞ்சற சத்தம் ஜாஸ்தியா வந்துடுச்சு" என்றாய். மறுபடி அழுதாய். மறுபடியும் அதே அளவு கண்ணீர். வெளியே வந்து டீ குடிக்கும்போதும் உன் கண் சிவந்தே இருந்தது. "யாரை நெனச்சுக்கிட்ட?" என்று கேட்டேன். "யாரையும் இல்ல. அவன் தனியா ஒக்காந்துட்டு இருந்தான் பாரு, அதான்" என்றாய்.

படம் இந்த ஊர் தியேட்டருக்கு வந்தபோது லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தோம். எங்கே பார்த்தாலும் குடும்பம் குடும்பமாக ஜனம். கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அண்ணன் பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். அட்டைக் கவசமும் பச்சை மின்னலும் அன்றைக்கு நமக்கு அதிசயமாகத்தான் இருந்தது. எப்படி எடுத்திருப்பார்கள் என்று பேசிப் பேசி மாய்ந்தோம். குகை வாசல் காட்சியில் தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. முன் வரிசையில் ஒரு அம்மா தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நீ இருட்டில் என் கையைக் கிள்ளினாய். "நான்தான்னு யார்கிட்டயும் சொல்லிடாத. பசங்களுக்கு ஏமாத்தமா பூடும்" என்றாய்.

ஆனால் பெயர் ஓடும்போது பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாய். கூட்டம் எழுந்து போய்விட்டது. எழுத்து மேலே போகத் தொடங்கியதுமே விளக்கைப் போட்டுப் படத்தை நிறுத்திவிட்டார்கள். "இருக்குமா இருக்காதா?" என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாய். இருக்கும் என்று சொன்னேன். இப்போது யூடியூபில் முழுப் படமும் கிடக்கிறது. கடைசி எழுத்து வரைக்கும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். சாப்பாடு போட்டவர் பெயர் இருக்கிறது. உன் பெயர் இல்லை.

அதன் பிறகு உனக்குக் கல்யாணம் ஆனது. இந்த ஊருக்கே வாக்கப்பட்டு வந்தாய். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, நானும் சென்னையை விட்டுவிட்டு இந்த லாட்ஜில் சேர்ந்தேன். மார்க்கெட் போய்விட்டுத் திரும்பும்போது கூடையோடு வந்து இந்த மேசைக்கு எதிரே உட்கார்வாய். டப்பிங்குக்கு ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டார்கள். "தெனம் மெட்ராஸ் போய்ட்டு வர்ற வேலையா அது? வீட்ல வேணாம்ங்கறாங்க" என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து எனக்குக் கொடுத்தாய். அதற்கு மேல் அதைப் பற்றி நீ பேசியதில்லை. நித்யா பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதாகும்போது உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள், வேலூருக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். போன வண்டியிலேயே உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் படத்தை இப்போது என்ன பாடு படுத்துகிறார்கள் தெரியுமா. பரீட்சையில் அரியர் வைத்தவன், பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளுகிறவன், மாசக் கடைசியில் பர்ஸைத் திறந்து காட்டுகிறவன், எல்லோரும் வாயை அசைக்கிறார்கள், நீ அழுகிறாய். ராட்சசன் பூசணிக்காய் மாதிரி இருக்கிறான் என்கிறார்கள். பறக்கிற காட்சியில் கம்பி தெரிகிறது என்று வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். உண்மைதான், தெரிகிறது. நான் குறை சொல்ல முடியாது. நானே திரும்பப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. இன்னொரு கூட்டம் இருக்கிறது. முப்பது தாண்டியவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். சின்ன வயதில் இந்தப் படத்துக்கு அழுதேன், அந்தக் காலம் திரும்பி வருமா என்று எழுதுகிறார்கள். அவர்களும் கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுத்தான் முடிக்கிறார்கள். அழுததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது போல.

நடித்த பையனைப் பிடித்து ஒரு பேட்டி எடுத்திருந்தார்கள். தாடி வைத்த ஆள் இப்போது. நல்ல மாதிரியாகத்தான் பேசினான். "அது என் குரல் இல்லைங்க. யாரோ ஒரு டப்பிங் ஆன்ட்டி பேசினாங்க. யாருன்னு எனக்கே தெரியாது, பாவம்" என்றான். அதற்குக் கீழே நான் உன் பெயரையும் ஊரையும் எழுதினேன். இறந்துவிட்டாய் என்றும் எழுதினேன். "ஆன்ட்டிக்கு லைஃப் முடிஞ்சிடுச்சா" என்று ஒருவன் பதில் போட்டான். அதற்குச் சிரித்தவர்கள் நிறைய. அதற்குப் பிறகு வந்தவற்றில் என் வரி கீழே, கீழே போய்விட்டது. இப்போது தேடினாலும் அகப்படவில்லை.

இதெல்லாம் எனக்கும் உனக்கும் நடுவில் இருக்கிற சங்கதி, இதோடு போகட்டும் என்று இருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் நித்யா லாட்ஜுக்கு வந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். உன் வீட்டுக்காரர் மறுகல்யாணம் செய்துகொண்டு அடி அண்ணாமலைப் பக்கம் வீடு மாறிய பிறகு நான் அவளை அதிகம் பார்ப்பதில்லை. நெற்றி உன்னுடையது. பையை மேசை மேல் வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"பெரிம்மா, அந்தப் படத்துல பையனுக்குப் பேசினது எங்கம்மாவா?"

"உனக்கு யாரு சொன்னாங்க?"

"அப்பாதான்." அவள் என்னைப் பார்க்காமல் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "நானும் என் ஃப்ரெண்ட்ஸும் அதை வெச்சு ஒரு ரீல் பண்ணோம் பெரிம்மா. ஹால் டிக்கெட்ட கையில வெச்சுக்கிட்டு, நான் அழற மாதிரி. நல்லா ஓடுச்சு. சாப்பிடறப்ப அப்பாகிட்ட காட்னேன், சிரிப்பாருன்னு. அவரு தட்டுல கைய கழுவிட்டு எழுந்து போய்ட்டாரு. மறுநாள்தான் சொன்னாரு."

நான் அவளை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அந்த ரீலை எனக்குக் காட்டு என்றேன்.

"அன்னைக்கே அழிச்சுட்டேன்."

அவள் முகம், உன் குரல். இரண்டும் ஒன்றாக இருந்தது அந்த ஒரு ரீலில்தான். வேறு எதிலும் இல்லை. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஊர் தியேட்டரில் அதே படத்தை மறுபடியும் போடுகிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். ஒரே ஒரு காட்சி, காலையில். "போன்ல வேணாம் பெரிம்மா. பெருசா கேக்கணும்" என்றாள். லாட்ஜில் சொல்லிவிட்டு அவளோடு போனேன். நாம் பார்த்த தியேட்டர்தான். நாற்காலியெல்லாம் மாற்றிவிட்டார்கள். உள்ளே முழுக்கக் காலேஜ் பிள்ளைகள். குழந்தை என்று ஒன்றுகூட இல்லை. பெயர் போடும்போதே விசில் தொடங்கிவிட்டது. அப்பா குடையோடு டிவிக்குள் குதிக்கும்போது எழுந்து நின்று ஆடினார்கள். படம் முடிகிற இடத்தில் அவர் மகனைக் கட்டிப்பிடித்து, இனிமேல் நாளைக்கு அரை மணி நேரம்தான் கேம் என்று சொல்வாரே, அதற்கு அடித்த சிரிப்பில் கூரை போய்விடும் போல் இருந்தது. எல்லோர் கையிலும் போன் எரிந்துகொண்டிருந்தது.

ஆனால் நித்யா வந்தது குகை வாசலுக்காக. அந்த இடம் நெருங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மேலே பார்த்தான். வாயைத் திறந்தான். அந்த நொடியில் மொத்தத் தியேட்டரும் சேர்ந்து கத்தியது. "அப்பா, எனக்கு இன்னும் ஒரே ஒரு லைஃப்தாம்பா இருக்கு." ஒரு எழுத்து பிசகாமல், மூக்கை உறிஞ்சுவதுகூட நீ உறிஞ்சிய அதே இடத்தில். அத்தனை தொண்டைக்கு நடுவில் நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. நித்யா காதைத் திரையின் பக்கம் சாய்த்து வைத்திருந்தாள். கத்தி முடித்துக் கை தட்டினார்கள். அதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது.

"கேட்டுச்சா உங்களுக்கு?" என்றாள்.

"இல்ல."

வெளியே வெயில். மாட வீதிப் பக்கமாக நடந்தோம். ஜூஸ் கடையில் நின்று இரண்டு சாத்துக்குடி சொன்னேன். அவள் போனை எடுத்து, இயர்போனின் ஒரு முனையைத் தன் காதிலும் மறு முனையை என் காதிலும் வைத்து, அந்த வசனத்தைப் போட்டாள். ஒரு தடவை. இரண்டாவது தடவை. பிறகு நிறுத்திவிட்டாள்.

"இது ஒரு பையன் குரலாவே இருக்கு பெரிம்மா. எங்கம்மான்னு தோணவே மாட்டேங்குது."

"அப்படித்தான் இருக்கணும். உங்கம்மா கெட்டிக்காரி" என்றேன்.

"நெஜமா பேசினா எப்படி இருக்கும்?"

வீட்டில் இருப்பதையெல்லாம் அவள் தேடிப் பார்த்துவிட்டாளாம். கல்யாண சி.டி.யில் நீ வாய் அசைக்கிற இடமெல்லாம் சினிமாப் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறார் வீடியோக்காரர். அப்போது உங்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன். போட்டோக்கள் இருக்கின்றன. நீ சிரிக்கிறாய், நித்யாவைத் தூக்கி வைத்திருக்கிறாய், ஒரு படத்தில் எதையோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறாய்.

"நீங்க அவ்ளோ வருஷம் கூட இருந்தீங்களே. ஒரு தடவ பேசிக் காட்டுங்க. சும்மா ஏதாவது. அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

வேலை முடிந்து நான் ஹாஸ்டலுக்குள் நுழையும்போது நீ கேட்கிறதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். "வந்துட்டியாடி, கைகால் கழுவிக்கினு வா, ஆறிடப் போவுது." வார்த்தை எல்லாம் அப்படியே இருந்தது. வாயைத் திறந்து சொன்னேன். நித்யா கவனமாகக் கேட்டாள். ஜூஸ் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவை, கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னேன். உன் குரல் கட்டையானது என்று எங்கோ ஞாபகம் இருந்தது. இல்லை, கட்டை என்பது சரிதானா என்று அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

"இது உங்க குரல்தான் பெரிம்மா" என்றாள் நித்யா. கோபமாக இல்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ் வந்துவிடும் என்று கிளம்பினாள்.

அன்றிலிருந்து மேசையில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உன்னைக் கேட்கப் பார்க்கிறேன். நீ என்னவெல்லாம் பேசினாயோ அதெல்லாம் என்னிடம் இருக்கிறது. சண்டை போட்டது, கிண்டல் செய்தது, நித்யாவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு யோசித்தது. உன் வாய் அசைவதுகூடத் தெரிகிறது. அதிலிருந்து வருவது அந்தப் பத்து வயதுப் பையனின் குரல். எவ்வளவு முயன்றாலும் அவன்தான் பேசுகிறான். நித்யா மறுபடியும் வருவாள், மறுபடியும் கேட்பாள்.