ஏற்றினால் இறக்க முடியாது

தலைமையகம்
4 மார்ச்

கிளைக் கிடங்கின் கணினிப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. ஓயாமல் உள்ளே வந்து போகிறவருக்கு என்ன குறை இருக்கப் போகிறது?

ஒரே கம்பெனியில் இருந்துகொண்டு காகிதத்தில் எழுதி, மருந்து வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறாளே என்று நினைப்பீர்கள். என் மெயிலை என்னைத் தவிர இன்னொருவரும் படிக்கிறார் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் டொமைனின் செயல்நிலையை இந்த மாதக் கடைசியில் உயர்த்தப் போகிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். டொமைன் என்பது நம் கம்பெனிக் கணினிகள் எல்லாம் அடங்கிய கூட்டு, செயல்நிலை அதன் தரம். யார் உள்ளே வரலாம், எதைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கிற சர்வர்கள் எல்லாமே புதிய பதிப்பில் இருந்தால்தான் உயர்த்த முடியும். உயர்த்திவிட்டால் மறுபடி இறக்குவது என்ற பேச்சே இல்லை. மற்ற எல்லாம் மாறியாகிவிட்டது. உங்கள் கிடங்கில் இருக்கும் கிழம் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. கேட்கும்போதெல்லாம் “பார்க்கலாம்” என்கிறீர்கள்.

அதை ஏன் விட மனசில்லை என்று எனக்குத் தெரியும். இந்த நெட்வொர்க்கை நாம் சேர்ந்து அமைத்தபோது ஒரு பொதுக் கணக்கு உண்டாக்கினோமே, நம் இருவருடைய பட்டப்பெயரையும் ஒட்டிப் பாஸ்வேர்டு வைத்து? எல்லார் அஞ்சல்பெட்டியையும் திறக்கிற அதிகாரம் உள்ள கணக்கு. அது இன்றைக்கும் அந்தக் கிழத்தின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். உள்ளே வருவது நான் இல்லை.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தலைமையக நெட்வொர்க் பொறுப்பாளர்


கிடங்கு
7 மார்ச்

அன்புள்ள கறாருக்கு,

ஒரு கவருக்கு இத்தனை டேப்பா? “உள்ள என்ன சார், வைரமா?” என்று டிரைவர் கேட்டார். “இல்லப்பா, குற்றப்பத்திரிகை” என்றேன். பாவம், அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

போன வருஷம் நீ என் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தபோது சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். உன் மெயிலை நான் படிக்கவில்லை. அந்தக் கணக்கைத் தொட்டே பல காலம் ஆகிறது.

பழைய சர்வரை ஏன் பிடுங்கவில்லை என்றால், அதை நம்பி இங்கே என்னென்ன தொங்குகிறது என்று எனக்கே முழுசாகத் தெரியாது. எடைமேடை, கதவு அட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றிக்கொண்டு வருகிறேன். நான் ஆமை, உனக்குத்தான் தெரியுமே.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. இது முடிந்தால் எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம், கிளைக்கு ஆள் வேண்டாம் என்று மேலாளர் பேசிக்கொண்டிருக்கிறாராமே. அவர் காதில் ஓதியது யார்?

விழுந்த பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல். வந்து பார்க்கிறேன்.

ஆமை


தலைமையகம்
11 மார்ச்

பொறுப்பாளர் அவர்களுக்கு,

பட்டப்பெயர் சொல்லிக் குழைய வேண்டாம். மேலாளர் காதில் ஓதுவது என் வேலை இல்லை.

வேறு ஊரில் வேலை தேடுகிறேன் என்று என் தங்கைக்கு மட்டும் மெயில் எழுதினேன். மறுநாளே அது உங்கள் வாயில் வந்தது. கேட்டால் “பாப்பா சொன்னா” என்றீர்கள். குழந்தையைச் சாட்சிக்கு இழுக்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா? அந்த வாரம்தான் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பொதுக் கணக்கு அங்கிருந்து வந்து வந்து போயிருந்தது. நான் அப்போதே அதை மூடியிருக்க முடியும். ஏன் மூடவில்லை தெரியுமா? நீங்கள் எத்தனை நாள்தான் வருகிறீர்கள் என்று பார்க்கத்தான். இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கிழத்தை விலக்குங்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசிவரை காத்திராமல், அதன் பெயரை இங்கிருந்தே அழித்துவிட்டு, செயல்நிலையை உயர்த்திவிடுவேன். அப்புறம் அதற்கு உயிர் கொடுத்தாலும் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
த.நெ.பொறுப்பாளர்


கிடங்கு
14 மார்ச்

கறாருக்கு,

உன் கடிதத்தைப் படித்த கோபத்தில் அந்தச் சர்வரை அணைத்தேன். முறைப்படி விலக்கவில்லை, சும்மா அணைத்தேன். “இப்ப வருதான்னு பாருடி” என்று வாய்விட்டே சொன்னேன். தப்புதான்.

குளிர் அறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போவது இங்கே தினசரி வழக்கம். அலாரம் கத்தும், யாராவது ஓடிப்போய்ச் சாத்துவோம். அன்றைக்கு அது கத்தவே இல்லை. சரக்கு ஏற்ற வந்த டிரைவர் பெட்டியைத் தொட்டுவிட்டு, “சார், வெதுவெதுன்னு இருக்கே” என்றார். ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்ததெல்லாம் குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பு மருந்து. கடவுள் புண்ணியத்தில் வாசல் பக்க வரிசை மட்டும்தான் வீணானது.

சர்வரை மறுபடி போட்டதும் அலாரம் கத்தியது. அப்போதுதான் அலாரத்தின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். அது செய்தி அனுப்ப ஒரு கணக்கில் உள்ளே போகிறது. எந்தக் கணக்கு என்று நினைக்கிறாய்? நம் பொதுக் கணக்கு. அலாரம் பொருத்த வந்தவர் கணக்குக் கேட்டபோது, “இப்போதைக்கு இதைக் குடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்று சொன்னவள் நீ. தட்டியவன் நான். இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை எதையும் உயர்த்தாதே. கெஞ்சிக் கேட்கிறேன். நான் சொல்வதை நம்பாவிட்டாலும் மருந்தை நினைத்தாவது பொறு.

ஆமை


தலைமையகம்
29 மார்ச்

அன்புள்ள ஆமைக்கு,

பொறுத்தேன். நீங்கள் அலாரத்துக்குத் தனிக் கணக்குக் கொடுத்துப் புதிய சர்வருக்கு மாற்றியதைப் பார்த்தேன். பழையதை முறைப்படி விலக்கியதையும் பார்த்தேன். எல்லாச் சர்வரும் ஒன்றுக்கொன்று ஒழுங்காகப் பேசுகிறதா என்று சோதித்து, காப்புப் பிரதி எடுத்து, நேற்று செயல்நிலையை உயர்த்தினேன். ஒரு சிக்கலும் இல்லை.

பொதுக் கணக்கின் பதிவைத் தினமும் பார்த்தேன். நீங்கள் அலாரத்தை மாற்றிய கணத்தோடு சரி. அதற்கப்புறம் ஒரு தடவைகூட யாரும் வரவில்லை. பழைய பதிவுகளையும் முதலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கணக்கு வந்த நேரமெல்லாம் அலாரம் செய்தி அனுப்பிய நேரம். வந்ததெல்லாம் அலாரம்தான். நீங்கள் ஒரு நாளும் வரவில்லை.

பாப்பாவிடமும் கேட்டேன். “நீ சித்திகிட்ட போன்ல பேசினத நான்தான் அப்பாட்ட சொன்னேன்” என்கிறாள். மெயில் எழுதிய அன்றே தங்கையோடு போனிலும் பேசியதை நான் மறந்தே போயிருந்தேன். நான் என்ன செய்துவிட்டேன்! எனக்கு அழுகை நிற்கவில்லை. மன்னித்துவிடுங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இனிமேல் உங்கள்மீது சந்தேகப்பட மாட்டேன்.

உங்கள் கறார்


கிடங்கு
3 ஏப்ரல்

அன்புள்ள உனக்கு,

வேலையைப் பதறாமல் செய்திருக்கிறாய். சந்தோஷம்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். முதலில் வண்டி ஏறிவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்புறம் ஒன்று உறைத்தது. நான் சொன்னபோது நீ நம்பவில்லை. உன் பிள்ளை சொன்னதாகச் சொன்னேன், அவளிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது பதிவு சொன்னது, நம்பிவிட்டாய். நாளைக்கு அதே பதிவில் வேறு ஏதாவது வந்தால்? நீ வேண்டுமென்று செய்ய மாட்டாய். ஆனால் திறந்து பார்ப்பாய். நீ பார்ப்பாய் என்று தெரிந்துகொண்டே அந்த வீட்டில் என்னால் தூங்க முடியாது.

உளவு பார்க்கிறேன் என்று என்னைத் துரத்தினாய். கணக்கைத் திறந்து வைத்துவிட்டு இத்தனை நாளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது நீ.

எனக்குக் கோபம் இல்லை, அலுப்புத்தான். ஞாயிறுதோறும் வந்து பாப்பாவைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன். வாசலில் நிற்பேன், அனுப்பிவை.

ஒரே ஒரு வேலை பாக்கி. அந்தப் பொதுக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று நான் சொன்னால் நம்ப மாட்டாய். அதனால் நீயே மூடிவிடு.

இப்படிக்கு,
கிளைக் கிடங்கின் கணினிப் பொறுப்பாளர்