பளைய காலண்டர் அட்டையில் ஒரு ஓட்டை

டீச்சர்,

இன்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, கம்பெனி வேன்கள் ஊருக்குள் வந்து நிற்கிற நேரத்தில், என் போனில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. முத்துமாரி அனுப்பியிருந்தாள். அப்போது நம் ஏழாம் வகுப்பில் இருந்த பவித்ராவின் அம்மா, பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள்.

"தமிள் டீச்சர், புதுப் போன் வாங்கிருக்கேன். பளைய போன என் தம்பி மகனுக்குக் குடுக்கணும். அதுல சயின்ஸ் டீச்சர் வீடியோ ஒண்ணு கெடக்கு. அளிக்கவா?"

அழிக்கவா என்றுதான் கேட்டாள். அளிக்கவா என்றுதான் என் காதில் விழுந்தது. இரண்டுக்கும் நம் ஊரில் ஒரே சத்தம். இரண்டாவதையே எடுத்துக்கொண்டு, "அனுப்பு" என்றேன்.

வந்தது நம் வீடியோ. மூன்று நிமிடம்கூட இருக்காது. வகுப்பறை ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு, நீலச் சேலையில், மூன்று காலண்டர் அட்டைகளோடு நிற்கிறீர்கள். "ஏலே, எல்லாரும் வீட்டுல பளைய காலண்டர் அட்ட மூணு எடுத்துக்கோங்க. சாமி படத்துல ஓட்ட போட்றாதீக, அம்மா வைவாக. பூ படம், கொளந்த படம் இருந்தாப் போதும்." படம் பிடித்தவள் நான். சிரிப்பை அடக்க முடியாமல் என் கை ஆடியது அதில் தெரிகிறது.

இந்த வீடியோவை என் போனிலிருந்து அழித்து எத்தனையோ நாளாயிற்று. கண்ணில் படும்போதெல்லாம் உறுத்தியதால் அழித்தேன். ஏன் உறுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்து பேசவில்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, ஏழாம் வகுப்புக்கு நீங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தீர்கள். முதல் வாரம் முழுக்கப் பாடத்தைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து போட்டீர்கள். ஒரு சத்தமும் இல்லை. காலையில் போட்டது சாயங்காலம் வரை ஒற்றை டிக்கோடு நின்றது. ஆறு மணிவாக்கில் ரெட்டை டிக் விழும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. நீங்கள் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போய் விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னீர்கள்.

"தமிளம்மா, கம்பெனி கேட்டுலயே போன அணைச்சுப் பெட்டியில போட்ருதாக. உள்ள கொண்டு போகக் கூடாது. வேன் வந்த பெறகுதான் வீட்டுல போனே. அதுலயும் நான் டைப் அடிச்சத வாசிக்க அம்மாமாருக்கு எங்க நேரம்? புள்ளைக பாதிக்கு எளுத்துக் கூட்டவே வரல."

மறுநாளிலிருந்து குரல் பதிவுதான். இரண்டு நிமிடம், அதற்கு மேல் போகாது. சோறு வடிக்கிற நேரத்தில் போனை அடுப்பு மேடையில் வைத்தால், பிள்ளையும் கேட்கும், அம்மாவும் கேட்பாள். குழுவின் பெயரை "வேன் வந்த பெறகு" என்று மாற்றினீர்கள். நான் அன்றைக்கே உங்களுக்கு எழுதினேன்: பெறகு தவறு, பிறகு என்று திருத்தவும். நீங்கள் கும்பிடு போடும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுத் திருத்தினீர்கள்.

என் குணம் அப்படி. கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பிழை தேடுகிறவள். வீட்டுக்காரரும் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சிவப்புப் பேனா உண்டு என்று நீங்கள் ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரிப்பீர்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அந்தக் குழுவை நீங்கள் விடவில்லை. வருசா வருசம் புது ஏழாம் வகுப்பு அம்மாக்களைச் சேர்த்தீர்கள். நம் ஆமத்தூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, முகநூலில் அறிவியல் ஆசிரியர்கள் குழு ஒன்றைப் பார்த்துக்கொண்டே வருவீர்கள். எந்த ஊரிலோ ஒரு வாத்தியார் பாட்டிலையும் பலூனையும் வைத்து நுரையீரல் செய்து காட்டினால், மறுநாளே நம் வகுப்பில் பலூன் வீங்கும். பெரிய பயிற்சிகளில் கிடைக்காதது இந்தப் பஸ்ஸில் கிடைக்கிறது என்பீர்கள். பார்ப்பதோடு சரி, நீங்கள் அங்கே ஒன்றும் போட்டதில்லை. நான்தான் பிடித்துத் தள்ளினேன். "எம்புட்டு நாளைக்கு அடுத்தவுக செஞ்சதையே பாப்பீக? நீங்களும் ஒண்ணு போடுங்க டீச்சர்."

ஒளியியல் பாடம் வந்தது. ஒளி நேர்கோட்டில் செல்லும். மூன்று அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாக நிறுத்தி, அந்தப் பக்கம் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்க்கச் சொல்கிறது புத்தகம். நீங்கள் மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டீர்கள். வீடியோவில் இன்றைக்கும் அந்த இடத்தில் உங்கள் குரல் கொஞ்சம் கண்டிப்பாகிறது: "மெளுகுவத்தி வேண்டாம்லே. அம்மா சீலையில பட்டாசு மருந்து ஒட்டிருக்கும். போன் லைட்டு போதும்." இதை இந்த ஊர் டீச்சரைத் தவிர யார் யோசிப்பார்கள்? முதலில் நம் அம்மாக்கள் குழுவில் போட்டீர்கள். பிறகு என் பிடுங்கல் தாங்காமல் முகநூலிலும் போட்டீர்கள்.

ஒரே நாளில் பாராட்டு குவிந்தது. மறுநாள், முகம் தெரியாத ஓர் ஆசிரியர் கீழே எழுதினார்: "சோதனை நன்று. ஆனால் பளைய, கொளந்தை, மெளுகு என்று பேசினால் மாணவர் என்ன கற்பர்? முதலில் தமிழைப் படித்துவிட்டு வாருங்கள்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

நான் ஸ்டாஃப் ரூமில் அதைப் படித்தேன். படித்துவிட்டு, அந்த ஆள் எழுதியதற்கு லைக் போட்டேன்.

அவர் சொன்னது இலக்கணப்படி சரி என்பதால் போட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு வந்த பாராட்டைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு சின்ன எரிச்சல் இருந்ததா என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இருந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீடியோவுக்கு நான் லைக் போடவே இல்லை. நாமே எடுத்ததற்கு நாமே என்னத்தைப் போடுவது என்று விட்டிருந்தேன். ஆக அந்தப் பக்கத்தில் என் பெயர் இருந்தது அந்த ஒரே இடத்தில்தான்.

மறுநாள் நீங்கள் கோபப்படவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "தமிளம்மாவே ஒத்துக்கிட்டீக, அப்புறம் என்ன. எனக்கு அந்த ழவச் சொல்லிக் குடுங்க" என்றீர்கள். முகநூலிலிருந்து வீடியோவை அதற்குள் நீக்கியிருந்தீர்கள். அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், நாக்கை மடிக்கச் சொல்லிப் பாடம் எடுத்தேன். பத்து நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வாழைப்பழம் வழுக்கி விழுந்ததை நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நன்றாகவே வந்தது. நானும் தட்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த குரல் பதிவுகளை நான் சரியாகக் கேட்கவில்லை. வகுப்புத் தேர்வு வைத்தீர்கள். விடைத்தாள் கட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தீர்கள். முதல் தாளில் "ஒழி நேர்கோட்டில் செல்லும்" என்றிருந்தது. இரண்டாவதில் "வெழிச்சம்". மூன்றாவதிலும் ஒழி. பாதி வகுப்பு அப்படித்தான் எழுதியிருந்தது. ழ தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் நீங்கள் எல்லா ளவுக்கும் நாக்கை மடித்திருக்கிறீர்கள். பிள்ளைகள் காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிட்டார்கள்.

"பாத்தீகளா தமிழம்மா. ஒளியவே ஒழிச்சுப்புட்டேன்" என்றீர்கள். அந்தச் சொல்லில் ளவும் ழவும் இரண்டும் அச்சுப் பிசகாமல் வந்தன. சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். கண் சிரிக்கவில்லை.

அன்றோடு குரல் நின்றது. குழுவில் மறுபடியும் தட்டச்சு செய்த பாடம் வர ஆரம்பித்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. குழு மறுபடியும் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. கம்பெனி லீவு விட்ட ஒரு நாள் முத்துமாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நீங்கள் வகுப்பில் இருந்தீர்கள், நான்தான் வாசலில் நின்றேன்.

"சயின்ஸ் டீச்சருக்குத் தொண்ட சரியில்லையா?" என்று கேட்டாள். "அவுக கொரல் வந்தா பவித்ரா வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேக்கும், எனக்கும் சொல்லும். இப்ப எளுத்தா வருது, தொறந்தே பாக்க மாட்டேங்கா. என் மக பத்தாவது தாண்டணும் டீச்சர். இந்த மருந்துக் கை என்னோட போகட்டும்." கையை விரித்துக் காட்டினாள். எத்தனை தடவை கழுவினாலும் போகாத வெள்ளி நிறம் ரேகைக்குள் இருந்தது.

தொண்டை சரியில்லாமல் போனது யாரால் என்று எனக்குத்தானே தெரியும்.

அன்று சாயங்காலம் வேன் வரும் நேரத்தில், அதே குழுவில் முதல் முறையாக நான் ஒரு குரல் பதிவு போட்டேன். வகுப்பில் பேசுகிற தமிழில் இல்லை. என் வீட்டில், என் அம்மாவிடம் பேசுகிற பேச்சில். "சயின்ஸ் டீச்சர், நான் தமிளம்மா பேசுறேன். எங்க வீட்டுலயும் மளைதான் பெய்யுது, வாளப்பளந்தான் திங்கோம். எங்க வீட்டுலயும் எல்லாம் பளசுதான். புள்ளைக ஒங்க கொரலக் கேக்காக. பேசுங்க டீச்சர்." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இத்தனை வருசம் கட்டிக் காத்த கௌரவம் அம்மாக்கள் முன்னால் போயிற்றே என்று கொஞ்ச நேரம் கூச்சமாகவும் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து உங்கள் குரல் வந்தது. "ஏலே, பாத்தீகளா, தமிளம்மா வீட்டுலயும் மளதானாம்." பின்னால் உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பது கேட்டது. அப்புறம் நேரே பாடத்துக்குப் போய்விட்டீர்கள். முடிவில் மட்டும் புதிதாக ஒன்று சேர்த்தீர்கள்: "இந்த ஒளிய எப்பிடி எளுதணும்னு நாளைக்குப் போய்த் தமிளம்மாட்ட கேளுங்க. சொல்றது நான், எளுதுறது அவுக."

அன்றிலிருந்து அதுதான் நம் ஏற்பாடு. காலையில் பிள்ளைகள் என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்கள். "டீச்சர், ஒளிக்கு எந்த ள?" "வளிமண்டலத்துக்கு எந்த ள?" என் சர்வீஸில் அவ்வளவு ஆசையாக எழுத்துப் பிழை பற்றி யாரும் என்னிடம் வந்து கேட்டதில்லை. கரும்பலகையில் அறிவியலும் தமிழும் சேர்ந்தே எழுதினேன்.

போன மார்கழியில், ஒரு திங்கட்கிழமை, பஸ்ஸில் உங்கள் ஜன்னலோர சீட்டு காலியாக வந்தது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பதாக வழியில் தகவல் வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. அம்மாக்கள் வேலை உடுப்போடு மருந்து வாடையோடு இறங்கி வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து மண் அள்ளிப் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்போதும் என்னிடமே இருந்தது. இப்போது கேட்கிறேன் டீச்சர். அந்த லைக்குக்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

பவித்ரா இப்போது பதினொன்றாம் வகுப்பு. அறிவியல் பிரிவு எடுத்திருக்கிறாள். இன்று அந்த வீடியோவோடு அதையும் முத்துமாரி சொன்னாள்.

வீடியோவைப் பார்த்து முடித்ததும் உங்கள் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, முகநூலில் மறுபடியும் போடலாமா என்று கேட்டேன். "போடுங்கம்மா. அவ கொரல் கேக்கட்டும்" என்றார்.

அதே ஆசிரியர்கள் குழு. இப்போது ஆட்கள் இன்னும் கூடியிருக்கிறார்கள். அந்த ஆளும் இருக்கலாம், மறுபடியும் எழுதலாம். எழுதினால் இந்த முறை பதில் சொல்ல நான் இருக்கிறேன். நீங்கள் பேசியதில் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. மேலே தலைப்பு மட்டும் தட்டச்சு செய்தேன்: "பழைய காலண்டர் அட்டையில் ஒளி. மெழுகுவர்த்தி ஏன் வேண்டாம் என்பதை டீச்சரே சொல்கிறார், கேளுங்கள்." ழ, ள எல்லாம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டேன், எல்லாம் சரி. சொன்னது நீங்கள், எழுதியது நான்.

போட்டு முடித்தபோது அதன் கீழே இன்னும் ஒருவரும் வந்திருக்கவில்லை. முதல் லைக்கை நான் போட்டேன்.