மணிக்கயிறு

அன்பு மகளே,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். ஊருக்கெல்லாம் வயரிங் செய்கிறவன் வீட்டில் காலிங்பெல் இன்னும் கெட்டுத்தான் கிடக்கிறது என்கிற உன் அம்மாவின் புலம்பலும் சுகம்.

உன் கல்யாணத்துக்கு நீ சொன்ன பழைய தேவாலயத்தையும், விருந்துக்கு அதன் பக்கத்திலுள்ள பண்ணை மாளிகையையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போனோம். மாப்பிள்ளையே காரில் கூட்டிப்போனார். அவருடைய அம்மாவும் வந்தார்.

தேவாலய வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளே வௌவால் நாற்றம். பீடத்தில் தூசி படிந்த பிளாஸ்டிக் பூ. முழங்கால் போடும் பலகையில் யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம், அது என் புதுக் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டது. மாளிகையின் பழைய சொந்தக்காரருடைய கல்லறையும் உள்ளேதான், பீடத்தைவிட உயரம். அந்தக் காலத்தில் வந்தவர்கள் யாரைக் கும்பிட்டார்களோ!

மாளிகைச் சாப்பாட்டு அறையில் பூஞ்சை பிடித்த மான் தலைகள் வரிசையாக முறைக்கின்றன. அதற்குக் கீழேதான் பந்தி போடுவார்களாம். எனக்குச் சோறு இறங்காது.

மாடிப் படுக்கையறையில் சுவரோரம் ஒரு பட்டுக் கயிறு. இழுத்தால் கீழே சமையலறையில் மணி அடிக்கும், வேலையாட்கள் ஓடி வருவார்கள் என்று சுற்றிக் காட்டியவர் சொன்னார். மாப்பிள்ளை இழுத்துப் பார்த்தார். கீழே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, என் வயதிருக்கும், ஈரக் கையோடு மூச்சு வாங்க ஏறி வந்து, "கூப்பிட்டீங்களாய்யா?" என்றார். "சும்மாதான், வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

அந்த அம்மா படியிறங்கியதும் மறுபடி இழுத்தான். பாவம், மறுபடியும் ஏறி வந்தார். இதற்குமேல் அவனுக்கு 'ர்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்.

"நம்ம வீட்லயும் ஒண்ணு மாட்டிடலாம் மாமா. உங்க பொண்ணு கூப்பிட்டவுடனே வந்து நிப்பா. நீங்கதானே எலெக்ட்ரீஷியன், நீங்களே மாட்டிக் குடுத்துடுங்க" என்றான். அவன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உன் அம்மா, "எம் பொண்ணு ஓடி வரமாட்டா" என்றாள்.

மாளிகையை நான் இன்னும் உறுதி செய்யவில்லை. அவன் நீ விரும்பித் தேர்ந்தெடுத்தவன், முடிவும் உன்னுடையதுதான். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ, அப்பா அம்மாவுக்குத் தலைகுனிவாகுமோ என்று மட்டும் யோசிக்காதே. எங்கள் தலை நன்றாகவே நிற்கிறது.

காலிங்பெல்லை நான் சரிசெய்யப் போவதில்லை. இது உன் வீடு. எப்போது வந்தாலும், என்ன முடிவோடு வந்தாலும், கதவைத் தள்ளிக்கொண்டு வா. கடவுள் உன்னை நிமிர்ந்தே நடக்க வைக்கட்டும்.

உன் அப்பா