பதினாறு சேனலும் அப்பாவின் இடது காதும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்தான், அது முழு உண்மையாக இருக்காது, அதனால் பொறுமையாகக் கடைசி வரை படி. போனில் சொல்ல வழியில்லை, அப்பா பக்கத்திலேயே இருப்பார்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். வீட்டில் தியேட்டர் மாதிரி படம் பார்க்கப் பதினொரு சேனல் பிராசசரா, பதினாறு சேனல் பிராசசரா, அப்பாவுக்கு எது பிடித்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய கடைக்காரர் இரண்டு பெட்டியையும் ஒரு வண்டி ஸ்பீக்கரையும் கொண்டுவந்து இறக்கினார். நம் முன்னறை பத்துக்குப் பதினொன்று, அதில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, துணிக்கொடியை அவிழ்த்துவிட்டு, நாலு ஸ்பீக்கரை உயரமான கம்பிகளில் தலைக்கு மேலே மாட்டினார். பழைய முறையில் சத்தம் ஸ்பீக்கரோடு கட்டிப்போட்டதாம், இதில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனிப் பொருளாம், மழை ஒரு பொருள், ஈ ஒரு பொருள், அது அறையில் எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்ற விவரம் படத்தோடேயே வருமாம், எந்த ஸ்பீக்கரில் எவ்வளவு விட்டால் அங்கே கேட்கும் என்று பெட்டி கணக்குப் போடுமாம். பொருள்னா எடுத்து அலமாரியில வச்சுப் பூட்டிக்கலாமா என்று கேட்டேன். மேடம் இது டெக்னாலஜி என்று முகத்தைச் சுளித்தார். அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பி, அவர் காது இருக்கும் உயரத்துக்கு ஒரு மைக்கை நட்டு, யாரும் அசையாதீங்க என்று ஃபேனையும் நிறுத்தினார். பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஊளையிட்டு அறையை அளந்தது. என் அடுப்படியில் நான் இருமக்கூடாது என்று கால் மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் உன் மாமன் கிளப்பிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவன் வீட்டில் ஜன்னலை எல்லாம் அடைத்து ஒரு அறை கட்டியிருக்கிறான், போகிறவர்களை எல்லாம் உட்காரவைத்து முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உடைகிற சத்தத்தைப் போட்டுக் காட்டுகிறான். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசி ஆறு மாதம் ஆகிறது, அந்தச் சத்தம் எந்த மூலையிலிருந்தும் வராது. நீயும் அவன் மாதிரி ஆகிவருகிறாய் என்பதுதான் எனக்கு எரிச்சல். நேரில் வர முடியாதவனுக்கு ஒரு பெட்டி அனுப்பினால் மனசு ஆறிப்போகிறது.

சரி, அப்பா கேட்ட லட்சணத்தைச் சொல்கிறேன். பின்னாடி லெஃப்ட்ல ஈ பறக்குது பாருங்க சார் என்று கடைக்காரர் கையைக் காட்டினார், அப்பா அந்தக் கையைப் பார்த்துவிட்டு அங்கே திரும்பி ஆமாம் ஆமாம் என்றார். இப்போ மேலே மழை என்று விரலைத் தூக்கினார், அப்பாவும் அண்ணாந்து பார்த்து ஆமாம் என்றார். நடுவில் கடைக்காரர் தன் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது இடது பக்கம் ஒரு நாய் குரைத்தது, அப்பா வலது பக்கம் திரும்பினார். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் உன்னிடம், ஹெலிகாப்டர் தலையைச் சுத்திட்டுப் போச்சுப்பா என்று அளந்துவிட்டார், நீயும் பூரித்துப்போனாய்.

புதன்கிழமை அப்பா இப்போது வேலை பார்க்கிற கிடங்கில் சரக்குத் தூக்குகிற வண்டி ரிவர்ஸில் வந்திருக்கிறது. பீப் பீப் என்று அது கத்தியது இடது பக்கம், அப்பா வலது பக்கம் பார்த்துக்கொண்டே ஓரடி விலகி நேராக அதன் பாதையிலேயே போயிருக்கிறார். லோடுமேன் காலரைப் பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்தது, ஆள் தப்பித்தார். சூப்பர்வைசர், பெருசு பகல்லயே கனவா என்று சிரித்தானாம். இவரும் கூடச் சிரித்துவிட்டு வந்து, ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்று என்னிடம் சொன்னார். மறுநாள் லோடுமேன் வீடு தேடி வந்து, அக்கா அண்ணனுக்கு ஏதோ சரியில்ல, நான் இருக்கிற ஷிஃப்டுனால பாத்துக்கிட்டேன், அடுத்த மாசம் எனக்கு வேற ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம்தான் நான் அவருக்குப் பின்னால் இடது பக்கம் நின்று மெல்லிய குரலில் கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று தடவை. சுவரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இத்தனை நாள் இதைத் திமிர் என்று நினைத்துச் சண்டை போட்டிருக்கிறேன், நானும் ஒரு பொண்டாட்டி.

பிடித்து உலுக்கியதும் ஒத்துக்கொண்டார். தகடு அடிக்கிற பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் அவருக்கு இடது பக்கம்தான் மெஷின். காதுக்கு ஏதாவது கொடுங்க என்று ஒரு தடவை கேட்டதற்கு முதலாளி, காது வலிக்கிறவன் வீட்ல இரு என்றானாம். அந்த ஆள் பேரில் இப்போது ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் நிற்கிறது. இடது காது அடியோடு போய் இரண்டு வருஷமாம், சத்தம் கேட்கிறது, எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லையாம், உலகமே வலது பக்கத்திலிருந்து வருகிறதாம். அந்த மனுஷருக்குத்தான் நீ பதினாறு சேனல் பார்த்துக்கொண்டிருக்கிறாய். காசு கொடுத்து அறையை அளக்க ஆள் அனுப்பினாயே, அறையில் உட்கார்ந்திருந்தவரை நீயும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை.

இரண்டு பெட்டியும் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிட்டேன். காது டாக்டரிடம் போகலாம் என்றால், ஆஃபீசுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, பையன்கிட்ட சொன்னே அவ்வளவுதான் என்கிறார். என் பேச்சு எடுபடாது, நீ சொன்னால் கேட்பார். அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கூப்பிடு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, நீயாகக் கண்டுபிடித்த மாதிரி இருக்கட்டும். வீடியோவில் கூப்பிட்டால் உன் வாயைப் பார்த்தே சமாளித்துவிடுவார், வெறும் போனில் பேசு. பேச்சுக்கு நடுவில், சரியாக் கேக்கலப்பா, இன்னொரு காதுக்கு மாத்துங்க என்று சொல். மாற்றிக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றுதான் சொல்வார். அப்போது ஆமாம் என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாக ஒன்று கேள். அவர் எதுவும் சொல்லாமல் இருப்பார், நீ போனை வைத்துவிடாதே.

நல்லபடியாக இரு, நீண்ட ஆயுசோடு இரு. லீவு கேட்டு வை, லோடுமேனுக்கு ஷிஃப்ட் மாற இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா