எட்னா அம்மாவுக்கு நெய்த சேலை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
19-8-1973

சிரஞ்சீவி பரசுராமனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை காந்தாவும் குமரகோட்டத்து முருகன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தை எழுது என்று வழக்கமாக அடுத்த வரியில் கேட்பேன், இந்தத் தடவை கேட்கவில்லை, கேட்டால் நீ எழுதுகிற பதிலை நம்புகிற புத்தி எனக்குப் போய்விட்டது. கொஞ்சம் ஆறப்போட்டு எழுது என்று அப்பா சொன்னார், மூன்று நாள் ஆறப்போட்டேன், ஆறவில்லை, இன்னும் கொதிக்கிறது.

லீவில் வந்திருக்கிற உன் சிநேகிதன் ராஜகோபால் வியாழக்கிழமை காலை நம் வீட்டுக்கு வந்தான். உன் ரூமில் இடமில்லை, ஊரில் பத்திரமாக வைக்கச் சொன்னாய் என்று ஒரு அட்டைப்பெட்டியை அமெரிக்காவிலிருந்து சுமந்துகொண்டு வந்திருக்கிறான். பிரித்தால் மேலேயே ஒரு பெரிய போட்டோ. சுருட்டை முடி, இடுப்பில் ஒரு சமையல் துணி, கையில் கரண்டி, வாய் நிறைய சிரிப்பு. கீழே எட்னா என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது என்று காந்தா படித்துச் சொன்னாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. நாலு வருஷமாக என் பிள்ளைக்குச் சோறு போடுகிற மகராசியின் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று அந்தப் போட்டோவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், பக்கத்து வீட்டுப் பூவம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்ததை எடுத்தால் அதே படம். அதற்கு அடுத்ததும் அதே. ஒன்பது படம், ஒரே சிரிப்பு. அதற்குக் கீழே அவள் சோப்புத்தூள் டப்பாவைத் தூக்கிக் காட்டுகிற கடை விளம்பர அட்டை, அவள் புருஷன் மில்டன் ஏணியிலிருந்து விழுகிற நோட்டீஸ், நீ எழுதுவாயே, அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகள், அவர்கள் மூஞ்சி போட்ட பிஸ்கட் டப்பா மூடி. இந்த அம்மா சோப்பு வியாபாரமும் செய்கிறாளா, என் பிள்ளை எழுதவே இல்லையே, நாங்கள் அனுப்பின சேலையைக் கட்டிக்கொள்கிறாளா என்று வெகுளியாக ராஜகோபாலைக் கேட்டேன்.

அவன் முதலில் சிரித்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அம்மா, இவங்க பக்கத்து வீட்டுக்காரங்க இல்லம்மா, டெலிவிஷன்ல வர்ற தமாஷ் நாடகம், நம்ம ரேடியோ நாடகம் மாதிரி, ஆனா ஆளுங்க தெரிவாங்க, அது நின்னுபோயி பன்னெண்டு வருஷம் ஆகுது, பழசையே தெனம் சாயங்காலம் திரும்பத் திரும்பப் போடறாங்க என்றான். நாடகம் ஓடின காலத்தில் விளம்பரத்துக்கு அச்சடித்த போட்டோ, அட்டை, நோட்டீஸ் எல்லாம் தேடி நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போகிறாயாம், மூடிப்போன கடைகளின் பரண் வரைக்கும் ஏறிப் பார்க்கிறாயாம். பூவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னா வடிவு, உன் புள்ளைக்கு இத்தினி நாளா சோறு போட்டுக்கினு இருந்தது நாடகக்காரியா என்றாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தறிக்கு நூல் வாங்கப் போகிற இடத்தில் எல்லாம் எட்னா அம்மா சௌக்கியமா என்று அப்பாவைக் கேட்கிறார்கள்.

நோட்டீஸ் சேர்க்கிறதை நான் குற்றம் சொல்லவில்லை. சினிமா நோட்டீஸ் வண்டி பின்னாலேயே பொன்னேரிக்கரை வரைக்கும் ஓடி, ரோஸ் நோட்டீஸ், பச்சை நோட்டீஸ் என்று பொறுக்கிவந்து அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்தவன்தானே நீ, அன்றைக்கும் நான் ஒன்றும் சொன்னதில்லை. அப்பா உன் பக்கம்தான். அவன் எழுதினதை நாம்பதாம்மே தப்பா எடுத்துக்கினோம் என்கிறார். சரி, நியாயமாகவே பேசுவோம் என்று நேற்று உன் கடிதம் எல்லாவற்றையும் காந்தாவை எடுத்துவரச் சொல்லி முதலிலிருந்து படித்தேன். முதல் கடிதத்தில் நீ பொய் சொல்லவில்லை, தினம் ராத்திரி எட்னா குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன், சிரித்துச் சிரித்துப் புரையேறுகிறது என்றுதான் எழுதியிருக்கிறாய். பக்கத்து வீடு என்று எடுத்துக்கொண்டது நான்தான். டெலிவிஷனை நான் எங்கே கண்டேன்? ஆனால் கிருத்திகை தோறும் அந்த அம்மாவுக்கும் அர்ச்சனை செய்ய வேண்டும், என்ன நட்சத்திரம் என்று கேட்டு எழுதினேனே, அப்போது ஒரு வரி எழுதியிருக்கலாம் அல்லவா? ரோகிணி என்று எழுதினாயே, கை கூசவில்லையா உனக்கு? மூன்று வருஷமாகக் குருக்கள் அந்தப் பெயரை மந்திரத்தில் நுழைக்க முடியாமல் நுழைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இனிமேல் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் சொல்.

சேலைக் கதைக்கு வருகிறேன். காந்தாவின் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த பட்டுப் பாவு நூலில்தான் அப்பா அதை நெய்தார், முதலாளி வேலை முடிந்தபிறகு நெய்ததால் இருபத்துமூன்று நாள் ஆயிற்று. கோர்வைக் கரை ஒரு ஆளால் ஆகாது, அந்தப் பக்கம் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளினது உன் தங்கை. முகம் சுளிக்கவில்லை, அண்ணனைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு என் சேலை போனால் போகட்டும் என்றாள். அந்த அம்மாவுக்கு அரக்குச் சிவப்பு பிடிக்கும் என்று நீ எழுதினாய். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையடா, அவளுக்குச் சிவப்பு பிடிக்கும் என்று உனக்கு யார் சொன்னது? கட்டிக்கொண்டு எல்லோருக்கும் காட்டினாள் என்று வேறு எழுதினாய். அது பிரிக்காமல் மீதிப் போட்டோக்களோடு உன் அலமாரியில் கிடக்கிறது என்று ராஜகோபால் சொன்னான். காந்தா அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனவள் மத்தியானம் சாப்பிட வரவில்லை. அந்தச் சேலையை அங்கே ராஜகோபால் இருக்கிற ஊருக்குத் தபாலில் அனுப்பு, அடுத்த தடவை அவன் கொண்டுவருவான், காந்தா கட்டிக்கொள்வாள்.

இதெல்லாம் கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது, நேற்று அதைப் படித்தபோதுதான் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். போன மாசியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பதினொரு நாளாக எழுந்திருக்கவில்லை, இன்னும் நடமாட முடியவில்லை என்று எழுதினாயே, எட்னா அம்மா மூன்று வேளையும் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள் என்று. சேதி கேட்டவுடன் ராஜகோபாலின் அம்மா ஓடிவந்தாள், என் பையன் நாலு மணி நேரப் பஸ் தூரத்தில்தான் இருக்கிறான், தந்தி கொடுக்கிறேன், போய்ப் பார்த்துக்கொள்வான் என்றாள். வேண்டாம் மாமி, அங்கே எட்னா இருக்கிறாள் என்று சொன்னவள் நான். என் வாயால் நானே தடுத்தேன். நீ அங்கே வெறும் ரூமில் கிடந்திருக்கிறாய், நான் இங்கே வேளா வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். பெற்றவளை இப்படிச் செய்யலாமாடா? நான் கவலைப்படக்கூடாது என்றுதான் எழுதினாய், அது எனக்கும் தெரியும், அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. உனக்காகக் கவலைப்படுகிற பாத்தியதை எனக்கு இல்லாமல் செய்ய நீ யார்?

பெட்டியை அடுப்பில் வைக்கப் போனேன், அப்பா பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இருக்கட்டும். கீழாநெல்லிப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன், ராஜகோபால் திரும்பும்போது கொண்டுவருவான், மோரில் கலந்து வெறும் வயிற்றில் சாப்பிடு, எண்ணெய்ப் பண்டம் தொடாதே. நல்ல புத்தியும் தீர்க்காயுசும் முருகன் கொடுக்கட்டும். மறக்காமல் மறுதபாலில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அந்தப் பதினொரு நாளும் உனக்குத் தண்ணீர் கொடுத்தது யார்? யாரும் இல்லை என்றால் யாரும் இல்லை என்றே எழுது.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கிற அம்மா,
வடிவு