நிஷா ஏறாத வேன்

ஜனவரி 19

ஜைத் இப்போதுதான் தூங்கினான். சளி இன்னும் நெஞ்சிலேயே இருக்கிறது. நெபுலைசர் மாஸ்க்கைக் கண்டாலே கத்துகிறான். மூன்று வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன்.

இன்று டிரஸ்டின் பத்தாம் வகுப்பு டியூஷனுக்கு நான்கு பேர். பம்மலில் நடந்தபோது பதினோரு பேர் வருவார்கள். அந்த அறையை உரிமையாளர் திரும்பக் கேட்டார். டிரஸ்ட் உடனே வகுப்பைத் தாம்பரத்தில் இருக்கும் தன் ஹாலுக்கு மாற்றிவிட்டது. எனக்கு வசதி, பக்கத்துத் தெரு. பிள்ளைகளுக்கு? பொழிச்சலூரிலிருந்து ஷேர் ஆட்டோ, பல்லாவரத்தில் ரயில், தாம்பரத்தில் இறங்கி நடை. பள்ளிக்கூடம் விட்டு அப்படியே பசியோடு வருகிறதுகள். ஷேர் ஆட்டோ நிரம்பாமல் கிளம்பாது. நிரம்பிவிட்டால் யூனிஃபார்ம் போட்டதுகளை இறக்கிவிட்டுப் பெரியவர்களை ஏற்றுகிறார்களாம். சின்னப் பிள்ளைகள்தானே, நிற்கட்டும்!

நிஷா வந்து சேர்ந்தபோது பாதி வகுப்பு முடிந்திருந்தது. அப்படியும் வருகிறாள். அரையாண்டில் கணக்கில் இருபத்தெட்டு. போன வாரம் நான் வைத்த பரீட்சையில் அறுபத்தொன்று. பத்தாவது பாஸானால் ப்ளஸ் ஒன். இல்லாவிட்டால் அவள் சித்தி போகிற எக்ஸ்போர்ட் கம்பெனி. "கம்பெனிக்குப் பதினாறு முடியணுமாம் மிஸ். மே மாசம் எனக்கு முடிஞ்சிரும்" என்கிறாள், ரயில் நேரம் சொல்வதுபோல.

டிரஸ்டை நடத்தும் கிரீஷ் சாரிடம் மறுபடியும் வேன் கேட்டேன். "ட்ரை பண்ணிட்டேதான் இருக்கோம் மேடம். ஸ்பான்சர் மனசு உருகணும்ல?"

உருகணுமாம். ஐஸ்கிரீமா அது?

ஜனவரி 28

வேன் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை முதல் வரும். டிரஸ்டின் வாட்ஸப் குரூப்பில் கிரீஷ் சார், "ஒரு சர்ப்ரைஸும் இருக்கு" என்று போட்டிருக்கிறார். ஜைத்தும் இன்று இருமாமல் தூங்குகிறான். அல்ஹம்துலில்லாஹ்.

பிப்ரவரி 2

வேன் வந்தது.

வேனின் பக்கவாட்டில், ஜன்னலுக்குக் கீழே முழு நீளத்துக்கு நிஷாவின் முகம். பக்கத்தில் கொட்டை எழுத்தில்:

"அப்பாவுக்குக் குடி. அம்மாவுக்கு மீன் கூடை. நிஷாவுக்கு நீங்கள்."

கீழே டிரஸ்ட் பெயர், போன் நம்பர்.

அந்தப் படம் நான் எடுத்தது. முதல் தடவையாக ஒரு பெரிய கணக்கைத் தானாகப் போட்டு முடித்துவிட்டு, மூக்கெல்லாம் சாக்பீஸ் தூளோடு சிரித்தாள். எடுத்து குரூப்பில் போட்டேன். சிரிக்கிற படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வாயை நிழலில் தள்ளினால் அழுகிற படம் ஆகிவிடுமா? ஆகிவிட்டது.

நிஷாவின் அப்பா துலுக்காணம் குடிப்பவரா? யார் சொன்னது? நீலாங்கரைப் பக்கம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். படகு இன்ஜினில் மாட்டி வலது கையில் விரல்கள் போய்விட்டன. அதனால்தான் பொழிச்சலூர் வந்து ஒரு பட்டறையில் எடுபிடி வேலை. வகுப்பு முடிகிற நாளெல்லாம் பல்லாவரம் ஸ்டேஷனில் நின்று மகளைக் கூட்டிப்போகிறவர். அவரா குடிகாரர்?

நிஷா வேனில் வரவில்லை. ஓட்டி வந்த ஜாபர் பாய் கீழேயே நின்று தலையைச் சொறிந்தார். "பொண்ணு வண்டிய ஒருதபா பாத்துச்சு. அப்டியே திரும்பி நடந்து பூட்ச்சுமா. ஹாரன் அடிச்சேன், திரும்பல. அப்பாலதான் எறங்கி இன்னா எழுதிக்கீறாங்கன்னு நானே படிச்சேன். வண்டி என்னுது. டிரஸ்ட் பேர்தான் ஒட்றோம்னு சொல்லி நேத்து வாங்கினு போனாங்கோ."

வகுப்பில் கார்த்தி, "மிஸ், நிஷா செலிபிரிட்டி ஆய்ட்டா மிஸ்!" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் குனிந்துகொண்டான்.

குரோம்பேட்டையில் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டவள் நான். அக்தரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "யார் பிரிண்ட் பண்ணாங்களாம்?"

பிப்ரவரி 3

கிரீஷ் சாருக்கு போன் செய்தேன். பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

"கை அடிபட்டுச்சுன்னு போட்டா யாரும் நின்னு படிக்க மாட்டாங்க மேடம். குடின்னா ஒரே வார்த்தையில புரிஞ்சிடும்."

"அது பொய் சார்."

"அந்த ஏரியாவுல பாதி வீட்ல அதுதானே?"

"இவங்க வீட்ல இல்லை."

"மேடம், நெகட்டிவா பாக்காதீங்க. ஒரு படத்தால பத்து பிள்ளைங்க சேஃபா வீட்டுக்குப் போகுது. ஸ்பான்சரோட மூணு மாசம் அக்ரிமென்ட். அப்புறம் எடுத்துடலாம்."

மூன்று மாதத்தில் பரீட்சையே முடிந்துவிடும். அதைச் சொன்னேனா? இல்லை. "கொஞ்சம் யோசிங்க சார்" என்றேன். வைக்கும்போது "தேங்க்ஸ் சார்" என்றேன்.

தேங்க்ஸ்! எதுக்குடி தேங்க்ஸ்? எம்.எஸ்ஸி. படிச்சு என்னத்த கிழிச்ச?

பிப்ரவரி 5

ஜைத்தை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பொழிச்சலூர் போனேன். நிஷாவின் அம்மா பொன்னி கடைத்தெரு ஓரத்தில் மீன் போட்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"வா மிஸ். மீன் வாங்க வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா?"

பக்கத்துக் கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். படம் நான் எடுத்ததுதான், எழுதியது நான் இல்லை என்றேன். எவ்வளவு கேவலமாக இருந்தது அந்த வாக்கியம், வாயிலிருந்து வரும்போதே.

"யாரு எழுதுனா இன்னா? என் புருசன் பட்டறைக்குப் போனா, 'இன்னா துலுக்காணம், நேத்து எத்தினி கோட்டரு?'ன்னு கேக்குறானுங்க. அந்த ஆளு டீய தவுர ஒண்ணும் தொட்டது கெடையாது. மீன் கூடையாம்! இந்தக் கூடைல தான் வூட்டு வாடக கீது, அவ பீஸு கீது. இதுல இன்னா அசிங்கம்?"

"நிஷாவை ஒருதடவை பாக்கலாமா?"

"அவ உன்ன பாக்க மாட்டா." கத்தியால் ஒரு சங்கரா மீனின் செதிலைச் சரசரவென்று இழுத்தார். செதில் என் முழங்கை வரை தெறித்தது. "நீ நல்ல பொம்பளதான் மிஸ். உன்ன மாரி நல்லவங்களாலதான் எங்களுக்குப் பேஜாரு."

திரும்பி வர ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். நிரம்பவேயில்லை. வீட்டுக்கு வந்தபோது ஜைத் அழுது அழுது வாந்தி எடுத்திருந்தான். "ஊர்ப் பிள்ளைங்களைப் பாக்கப் போயிட்டு நம்ம பிள்ளைய விட்டுடாத" என்றார் அக்தர். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் இன்னும் எரிகிறது.

பிப்ரவரி 9

வகுப்புக்கு வரும் இரம் சொன்னாள்: நிஷா பள்ளிக்கூடத்துக்கும் போவதில்லையாம். பையன்கள் அவளைப் பார்த்தால் "வழி விடு, வேன் வருது" என்கிறார்களாம்.

பிப்ரவரி 12

ஹால் வாசலுக்கு வேன் காலியாக வந்தது. ஒரு பிள்ளை இல்லை. விபத்தா? யாரையாவது வழியில் விட்டுவிட்டாரா? ஜாபர் பாய் தோளைக் குலுக்கினார்: "ஏற மாட்டேன்னுட்டாங்கோ."

ஏழு மணிக்கு இரமும் கார்த்தியும் வியர்த்து வழிய ஓடி வந்தார்கள். ரயிலில் வந்திருக்கிறார்கள்.

"ஏன்டா? பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லை!"

"நிஷா ஏறாத வண்டில நாங்க எப்டி மிஸ் ஏற்றது?" என்றாள் இரம். கார்த்தி, "நாளைக்கு என் மூஞ்சிய ஒட்டுவாங்கோ மிஸ். எங்கப்பாவுக்கு இன்னா போடுவாங்களோ" என்றான். அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் உட்காரும்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

பதினைந்து வயதுக்குத் தெரிகிறது. நான் பத்து நாளாக டிரஸ்டுக்கு மெயில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். "அன்புள்ள" என்று தொடங்குவதா, "மதிப்பிற்குரிய" என்று தொடங்குவதா என்று.

பிப்ரவரி 16

இன்று மாலை பம்மலில் வேன் நின்றிருந்தபோது துலுக்காணம் வந்திருக்கிறார். கையில் பொன்னியின் செதில் கத்தி. யாரிடமும் எதுவும் பேசவில்லை. இடது கையால் அந்த ஒரு வரியை மட்டும், "அப்பாவுக்குக் குடி", சுரண்டி எடுத்திருக்கிறார். மற்றதைத் தொடவில்லை. கூட்டம் கூடிவிட்டதாம். ஜாபர் பாய்தான் போனில் சொன்னார். "நான் தடுக்கலமா. டீ குடிக்கப் போய்ட்டேன். ரெண்டு டீ குடிச்சேன்."

அடுத்த போன் கிரீஷ். "கத்தியோட வந்து வண்டிய மறிச்சிருக்கான் மேடம். டிரைவர் பயந்து ஓடிட்டார். நாளைக்கு வண்டிய போட்டோ எடுத்து ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுக்கப் போறோம். குடிகாரன்னு போட்டது தப்புன்னீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?"

கத்தியோடு! மீன் செதில் சுரண்டுகிற கத்தி! ஆயுதம் என்று எழுதிக் கொடுத்தால் அந்த மனிதர் கதி? விரல் இல்லாத கையோடு ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். அப்புறம் நிஷா எங்கே பரீட்சை எழுதுவாள்?

இந்தத் தடவை தேங்க்ஸ் சொல்லவில்லை. "அவர் கிழிச்சது உங்க பொய்யை மட்டும்தான் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்புறம் அக்தரிடம் கத்தினேன். அவர் மேல் தப்பே இல்லை, ஆனால் அவர்தான் எதிரில் இருந்தார். "ஜைத் போட்டோவ ஒட்டி, 'அத்தாவுக்குக் குடி'ன்னு ஊரெல்லாம் ஓட்டினா நீங்க சும்மா இருப்பீங்களா? சொல்லுங்க! யார் பிரிண்ட் பண்ணான்னு கேப்பீங்களா?"

அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 17

அக்தர் காலையில் கடைக்குப் போகவில்லை. நேராக பம்மலுக்கு, ஜாபர் பாய் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஸ்டிக்கர் உரிக்கிற ஹீட் கன்னோடு. எனக்குத் தெரியாது. மத்தியானம் வந்து, கையில் பசை ஒட்டியிருக்க, சோப்புத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"மட்டமான வினைல் நிகத். உரிச்சா பசை அப்படியே நிக்குது. மண்ணெண்ணெய் போட்டுத் தொடைக்க வேண்டியதாப்போச்சு."

"எதை?"

"எல்லாத்தையும். முகம், எழுத்து, போன் நம்பர். வண்டி ஜாபர் பாயோடது. அவர்தான் எடுக்கச் சொன்னார், அவர் வண்டியில அவர் சொன்னா எடுக்கலாம். துலுக்காணம் கீறின இடத்துல பெயின்ட் போயிருந்துச்சு. அது மேல 'ஜாபர் டிராவல்ஸ்'னு ஒட்டிட்டேன். இப்ப எந்தக் கீறலைக் காட்டிக் கம்ப்ளைன்ட் குடுப்பார் உங்க கிரீஷ் சார்? டிரைவர் பயந்து ஓடினாராமே, ஜாபர் பாயே வந்து இல்லைன்னு சொல்லப் போறார்."

அவர் தன் கையை மோந்து பார்த்தார். "ரெண்டு நாளைக்கு வாசனை போகாது" என்றார்.

பிப்ரவரி 18

குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஹால் சாவியை வாங்க ஒரு பையன் வந்தான். ஜாபர் பாயின் ஒப்பந்தமும் போய்விட்டது. போன் செய்தேன். "உடு மா. கல்யாண சீசன்" என்கிறார். இப்போது என்ன கல்யாண சீசன்? நோன்பு தொடங்கப் போகிறது.

கம்ப்ளைன்ட் கொடுக்கவில்லை. அது போதும். போதுமா? பதினோரு பிள்ளைகளுக்கு இப்போது வேனும் இல்லை, ஹாலும் இல்லை.

பிப்ரவரி 24

இரமின் அம்மா மெஹர் பானு தையல் மிஷின்களை ஓரம் தள்ளி இடம் கொடுத்திருக்கிறார். பொழிச்சலூரில், மாடியில். இனி பிள்ளைகள் தாம்பரம் வரவேண்டாம், நான் போகிறேன். ஜைத்தையும் தூக்கிக்கொண்டு. ரயில், பல்லாவரம், ஷேர் ஆட்டோ. நோன்பு வேறு. இன்று ஆட்டோவில் ஒருவர், "கொழந்தைய மடில வெச்சுக்கமா, சீட்டு வேணும்" என்றார். ஏற்கெனவே மடியில்தான் இருந்தான். இன்னும் எங்கே வைப்பது, தலையிலா? கத்திவிட்டேன்.

இதைத்தான் அவர்கள் தினமும் செய்தார்கள். தாமதமாக வந்தால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

ஏழு பேர் வந்தார்கள். நிஷா இல்லை. ஜைத் துணித் துண்டுகளுக்கு நடுவில் தூங்கிவிட்டான். தூசியில் மறுபடி இழுப்பு வந்துவிடுமோ?

மார்ச் 3

நிஷா வந்தாள். துலுக்காணம் படிக்கட்டு வரை வந்து, மேலே ஏறாமல் கீழேயே நின்றுவிட்டார். ஹால் டிக்கெட் வாங்க நேற்று அவரே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாராம். கேலி செய்த பையன்கள் எதிரில், கேட் பக்கத்தில் சும்மா நின்றாராம். இரம் சொன்னாள்.

"வாங்கண்ணா, மேல வாங்க" என்றேன். "இல்ல, நீ பாடத்த எடு" என்றார். அவ்வளவுதான்.

நிஷா என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில், சுவரோரம். ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 5

இன்றும் பேசவில்லை. போடச் சொன்ன கணக்குகளைப் போட்டு இரமிடம் கொடுத்து அனுப்புகிறாள். எல்லாம் சரி. எழுதி எழுதிப் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. என் மேல் இருக்கிற கோபத்தைத்தான் அப்படி அழுத்துகிறாள். அழுத்தட்டும்.

மார்ச் 8

புதன்கிழமை பரீட்சை ஆரம்பம். பொழிச்சலூரில் இன்றுதான் கடைசி வகுப்பு. எனக்கு நோன்பு மயக்கம், ஜைத் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், கீழே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டேயிருக்கிறான். போர்டில் ஒரு இருபடிச் சமன்பாட்டைப் போட்டுக்கொண்டே போனேன். விடை வரவில்லை. மறுபடி மேலிருந்து பார்த்தேன். வரவில்லை. கார்த்தி கொட்டாவி விட்டான்.

பின்னாலிருந்து குரல் வந்தது. எரிச்சலோடு, நிஷாவின் குரல்.

"மிஸ், ரெண்டாவது வரில மைனஸ வுட்டுட்டீங்க."

பார்த்தேன். விட்டிருந்தேன்.

"எங்க, வந்து போடு" என்றேன். எழுந்து வந்தாள், என்னைத் தாண்டி, சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு. போட்டாள். கடைசி வரி வரை போட்டாள்.

"இன்னும் ஒண்ணு குடுங்க மிஸ்" என்றாள், போர்டைப் பார்த்தபடியே. "கஷ்டமா."