மிஷினுக்கு ரிப்பன் கட்டினாங்க

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் நல்லபடியா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா? எங்க அம்மாவுக்கு இருமல் நின்னுச்சா?

போன வாரம் கம்பெனியில ஒரு கூத்து. நான் பார்த்துக்கிற பேக்கிங் மிஷின் ஒரு வருஷமா பழுதாகி நிக்கவே இல்லையாம். மேனேஜர் அதுக்கு ரிப்பன் கட்டி, கேக் வெட்டி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். தினமும் எண்ணெய் போட்டு, சத்தத்தை வச்சே அதோட நோவைக் கண்டுபிடிக்கிற ஆள் யாருன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் வரல. போட்டோவுக்கு நானும் போய் ஓரமா நின்னேன். "சட்டையெல்லாம் கிரீஸா இருக்கே, நீங்க எடுங்க"ன்னு மேனேஜர் போனை என் கையில கொடுத்துட்டார். எடுத்தேன். போட்டோவில மிஷின் நல்லா விழுந்திருக்கு! நீ சிரிப்பேன்னுதான் எழுதறேன், மனசுல வச்சுக்காதே.

ரூமில கூட இருந்தவர் வேலையை விட்டுப் போயிட்டார். இப்போ நானே சமைச்சு நானே சாப்பிடறேன். உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லக்கூட ஆளில்ல.

ரெண்டு பனியனும் ஒரு நகவெட்டியும் அனுப்பு. ஷிப்டுக்கு மணி அடிச்சாச்சு, கிளம்பறேன். அப்புறம், பாப்பாகிட்ட நம்ம வீட்டு ஆளுங்க எல்லாரையும் ஒரு படமா வரையச் சொல்லி, அதையும் சேர்த்து அனுப்பு. என்னையும் வரையணும்னு நீயா சொல்லிடாதே.

பாப்பா அப்பா